பசிக்கு ஒரு ப்ரபோசல்: நையாண்டி யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்?

1729-இல் டப்ளின் நகரில் ஒரு சின்னப் பிரசுரம் வெளியானது. எழுதியவர் பெயர் அதில் இல்லை. விஷயம் இதுதான். அயர்லாந்தில் எங்கு பார்த்தாலும் பிச்சை எடுக்கும் தாய்மார்கள், அவர்கள் பின்னால் கந்தல் துணியோடு மூன்று நான்கு குழந்தைகள். இந்தப் பிரச்சினையை எப்படித் தீர்ப்பது? ஏழைகளின் குழந்தைகளை ஒரு வயது வரை நன்றாகப் பால் கொடுத்து வளர்த்து, பிறகு பணக்காரர்களின் சாப்பாட்டு மேசைக்கு விற்றுவிடலாம்.

ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள்.

எழுதியவர் ஜொனாதன் ஸ்விஃப்ட். டப்ளின் செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தின் தலைமைக் குரு. நாம் பள்ளிக்கூடத்தில் 'கலிவரின் பயணங்கள்' என்று குழந்தைக் கதையாகப் படித்தோமே, அதை எழுதிய அதே ஆள். இந்தப் பிரசுரத்தின் பெயர் 'எ மாடஸ்ட் ப்ரபோசல்'. தமிழில் சொன்னால் 'பணிவான ஒரு யோசனை'.

ஐடி வேலையில் இருப்பவர்கள் அதைப் படித்தால் முதலில் கண்ணில் படுவது அதன் அமைப்புதான். வாடிக்கையாளருக்கு நாம் அனுப்பும் ப்ரபோசல் மாதிரியே இருக்கும். முதலில் பிரச்சினை என்ன, அதன் அளவு என்ன. அடுத்து தீர்வு, செலவு, லாபம். ஏழை வீடுகளில் வருடத்துக்குப் பிறக்கும் குழந்தைகள் 1,20,000. அதில் 20,000 பேரை இனவிருத்திக்கு ஒதுக்கிவிடலாம். மீதி 1,00,000 விற்பனைக்கு. ஒரு குழந்தையை வளர்க்க ஆகும் செலவு 2 ஷில்லிங், விலை 10 ஷில்லிங். தாய்க்கு நிகர லாபம் 8 ஷில்லிங். அப்புறம் நன்மைகளை ஒன்று, இரண்டு என்று எண் போட்டுப் பட்டியல். கடைசியில், இந்தத் திட்டத்தால் தனக்குத் தனிப்பட்ட லாபம் எதுவும் இல்லை என்று ஒரு உறுதிமொழி. ஏனென்றால் தன் கடைசிப் பிள்ளைக்கு ஒன்பது வயது ஆகிவிட்டது, மனைவிக்கு இனிமேல் பிள்ளை பிறக்காது.

ஒரு இடத்தில்கூட அவர் கண்ணடிக்கவில்லை. 'சும்மா சொன்னேன்' என்று பல்லைக் காட்டவில்லை. அதனால்தான் அது இன்றும் குத்துகிறது.

கணக்குப் பிள்ளையின் குரல்

ஸ்விஃப்ட் இந்தக் குரலைக் காற்றிலிருந்து பிடிக்கவில்லை. அவருக்கு முந்திய தலைமுறையில் வில்லியம் பெட்டி என்று ஒரு பெரிய மனிதர் இருந்தார். அயர்லாந்தின் நிலத்தை எல்லாம் அளந்து ஆங்கிலேயர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வரைபடம் போட்டவர். பொருளாதாரப் புள்ளியியலின் முன்னோடி என்று இன்றும் மதிக்கப்படுபவர். போரில் செத்துப்போன அயர்லாந்து மக்களால் எவ்வளவு நஷ்டம் என்று அவர் கணக்குப் போட்டார். அடிமைச் சந்தை விலையை வைத்து, தலைக்கு 15 பவுண்டு. அது கிண்டலே இல்லை. நிஜமான புத்தகத்தில் நிஜமாகவே எழுதப்பட்ட கணக்கு.

ஸ்விஃப்ட் செய்ததெல்லாம் அந்தக் குரலை அப்படியே எடுத்து, இன்னும் நாலு அடி நடக்க வைத்ததுதான். மனிதனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று விலை போடலாம் என்றால், ராத்தலுக்கு இவ்வளவு என்று ஏன் போடக்கூடாது?

அன்றைய அயர்லாந்தில் பெரும்பான்மைக் கத்தோலிக்கர்கள் நிலம் வாங்கச் சட்டம் விடவில்லை. கம்பளித் துணியை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய 1699-இல் இங்கிலாந்து தடை போட்டிருந்தது. 1720-களின் கடைசியில் விளைச்சலும் வரிசையாகப் பொய்த்தது. நிலச்சொந்தக்காரர்களில் பலர் லண்டனில் உட்கார்ந்துகொண்டு வாடகையை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். இப்படி ஊரில் சொத்து, வெளியூரில் வாழ்க்கை என்று இருப்பவர்களுக்கு வரி போட வேண்டும், உள்ளூரில் செய்த பொருளையே வாங்க வேண்டும் என்பதுதான் ஸ்விஃப்ட்டின் உண்மையான யோசனைகள். அவற்றையும் பிரசுரத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார், 'இந்த மாதிரி நடக்காத விஷயங்களை யாரும் என்னிடம் பேச வேண்டாம்' என்ற தோரணையில்.

ஊரில் நிலம், வெளியூரில் வாழ்க்கை. இந்த இடத்தில் நம்மில் சிலருக்குக் கொஞ்சம் நெளியும். நெளியட்டும், நல்ல நையாண்டிக்கு அதுதான் அடையாளம்.

டப்ளினில் இருந்து மெட்ராஸுக்கு

இதெல்லாம் அயர்லாந்து கதை, நமக்கு என்ன என்று கேட்கலாம். அந்தக் கணக்குப் பிள்ளையின் குரல் கப்பல் ஏறி நம் ஊருக்கே வந்தது.

1845 முதல் 1852 வரை அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம். சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு 10 லட்சம் பேர் நாட்டை விட்டே போனார்கள். அந்த நேரத்தில் லண்டன் கருவூலத்தில் இருந்து நிவாரணத்தைப் பார்த்துக்கொண்டவர் சார்லஸ் ட்ரெவெல்யன். அரசாங்கம் அதிகம் கொடுத்தால் மக்கள் அதையே நம்பி இருந்துவிடுவார்கள், சந்தையில் கை வைக்கக்கூடாது என்பது அவருடைய கொள்கை. அதே ட்ரெவெல்யன் 1859-இல் மெட்ராஸ் கவர்னராக வந்தார். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க் அவர் காலத்தில் உருவானதுதான்.

அவர் போய்ப் பதினாறு வருடம் கழித்து, 1876-இல் மழை பொய்த்தது. நம் பாட்டிகள் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்வார்களே, அது. 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் விக்டோரியா ராணியை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப் பெரிய தர்பார் நடந்தது. வைஸ்ராய் லிட்டன் தலைமையில் ராஜாக்களும் அதிகாரிகளும் நாள்கணக்கில் விருந்து சாப்பிட்டார்கள். அதே மாதம் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை மெட்ராஸ் மாகாணத்துக்கு அனுப்பினார்கள். பஞ்சச் செலவைக் குறைக்க வேண்டும், அதுதான் வேலை.

டெம்பிளுக்கு ஒரு முன்கதை உண்டு. 1874-இல் பீகார் பஞ்சத்தில் பர்மாவில் இருந்து அரிசி இறக்குமதி செய்து, சாவு மிகக் குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொண்டவர் அவர். அதற்குக் கிடைத்தது பாராட்டு இல்லை, 'ஊதாரி' என்ற திட்டு. அந்தத் திட்டைக் கழுவிக்கொள்ள மெட்ராஸ் வந்தார். நிவாரண வேலை செய்யும் ஒரு ஆணுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுத்தால் போதும் என்று கணக்குப் போட்டார். ஒரு பவுண்டு தானியம், ஓரணா காசு. பெண்ணுக்கும் குழந்தைக்கும் அதைவிடக் குறைவு. இதற்கு 'டெம்பிள் கூலி' என்றே பெயர் வந்துவிட்டது.

ஒரு பவுண்டு என்றால் அரை கிலோகூட இல்லை. அதைச் சாப்பிட்டுவிட்டு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாயின் பகுதி அந்தப் பஞ்ச வேலையில்தான் வெட்டப்பட்டது. மெட்ராஸின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இந்தக் கூலியில் மனுஷன் வேலை செய்து உயிரோடு இருக்க முடியாது என்று சண்டை போட்டார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனை பேர் போனார்களோ. அந்தப் பஞ்சம் முழுவதிலும் இந்தியாவில் இறந்தவர்கள் குறைந்தது 50 லட்சம் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் மதிப்பீடு. அந்த வருடங்களிலும் துறைமுகங்களில் இருந்து தானியம் கப்பல் ஏறியது.

1729-இல் ஸ்விஃப்ட் கிண்டலுக்குப் போட்ட கணக்கையும், 1877-இல் டெம்பிள் சீரியஸாகப் போட்ட கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது நையாண்டி, எது அரசாணை என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

கடவுள் கொடுத்த சிபாரிசுக் கடிதம்

நம் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. சிவகங்கை சமஸ்தானப் புலவர் வில்லியப்ப பிள்ளை, இந்தத் தாது வருஷப் பஞ்சத்தை வைத்து ஒரு நீண்ட நையாண்டிக் காவியமே எழுதினார். பெயர் 'பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்', 1899-இல் அச்சானது. 'பஞ்சம்' என்ற சொல்லை வைத்துத் தலைப்பிலேயே விளையாட்டு. பசி தாங்காத மக்கள் மதுரை சுந்தரேஸ்வரரிடம் போய் முறையிடுகிறார்கள். சாமி என்ன செய்கிறார்? என்னால் ஆகாதப்பா என்று கையை விரித்துவிட்டு, சிவகங்கை ஜமீன்தாருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கிறார். 'திருமுகம்' என்றால் கடிதம்.

இன்றைய பாஷையில் சொன்னால், கடவுளே ஒரு ரெஃபரல் போட்டுக் கொடுக்கிறார்.

சிரிப்பு வருகிறதா? வர வேண்டும். சிரித்து முடித்ததும் ஒரு கேள்வி வரும். கடவுளே கை விரித்துவிட்டாரென்றால் பொறுப்பு யாருடையது? நிலமும் தானியமும் அதிகாரமும் யார் கையில் இருக்கிறதோ, அவருடையது. பஞ்சம் தெய்வ சாபம் என்று சொல்லித் தப்பிக்கும் வழியைப் புலவர் ஒரே கடிதத்தில் அடைத்துவிட்டார்.

அடுத்த தலைமுறையில் புதுமைப்பித்தன் வந்தார். 1930-களில் அவர் எழுதிய 'பொன்னகரம்' நாலைந்து பக்கக் கதை. சேரி மாதிரியான ஒரு சென்னைச் சந்துக்குப் பெயர் பொன்னகரம். அடிபட்டுக் கிடக்கும் ஜட்கா வண்டிக்காரப் புருஷனுக்குப் பால் கஞ்சி வேண்டும், மனைவி அம்மாளுவிடம் காசு இல்லை. அவள் அந்தக் காசை எப்படிச் சம்பாதிக்கிறாள் என்பதுதான் கதை. கற்பு பற்றிப் பெரிதாகப் பேசும் சமூகத்தைப் பார்த்துக் கடைசியில் ஒரு குத்து விழும். அம்மாளுவைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது. தலைப்பைத் திரும்பப் படித்தால் நமக்கே முகம் சுருங்கும்.

ஸ்விஃப்ட், வில்லியப்ப பிள்ளை, புதுமைப்பித்தன். மூன்று பேரும் மூன்று காலம், ஒருவரை ஒருவர் படித்திருந்தார்களா என்பதுகூட முக்கியம் இல்லை. மூன்று பேரிடமும் ஏழை அடி வாங்குவதில்லை. ஏழையைப் பற்றி மேலே உட்கார்ந்து பேசும் வாய்தான் அடி வாங்குகிறது.

நம்ம குரூப்பில் ஓடும் ஜோக்குகள்

இப்போது நம் போனைத் திறப்போம். வெளிநாட்டுத் தமிழர் வாட்ஸ்அப் குரூப் எதை எடுத்தாலும் தேர்தல் நேரத்தில் ஒரு வகை ஜோக் ஓடும். ரேஷன் அரிசி, இலவச மிக்ஸி, மகளிர் பஸ், குவார்ட்டர் பாட்டில். 'ஓசியில் கொடுத்துக் கொடுத்து ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிட்டானுங்க' என்று ஒருவர் போடுவார், கீழே முப்பது சிரிப்பு எமோஜி. இதையும் நாம் அரசியல் நையாண்டி என்றுதான் சொல்லிக்கொள்கிறோம்.

ஆனால் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். இது யாருடைய குரல்? கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்பது ட்ரெவெல்யனின் வாதம். உயிரோடு இருக்க எவ்வளவு போதும் என்பது டெம்பிளின் கணக்கு. ஸ்விஃப்ட் எந்தக் குரலைக் கிழித்துத் தோரணம் கட்டினாரோ, அதையே நாம் ஜோக் என்று ஃபார்வர்டு பண்ணிக்கொண்டு இருக்கிறோம். அரசாங்கத் திட்டங்களைக் கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. கடன் எவ்வளவு, ஓட்டுக்காகச் செய்கிறார்களா, யாருக்குப் போய்ச் சேருகிறது, தாராளமாகக் கேட்கலாம். அந்தக் கேள்வி கொடுக்கிறவரைப் பார்த்துப் போக வேண்டும். வாங்குகிறவரின் தட்டைப் பார்த்துச் சிரித்தால் அது வேறு ரகம்.

சரி, ஸ்விஃப்ட் பாணியில் நானும் ஒரு பணிவான யோசனையை வைக்கிறேன்.

இலவசம் மனிதனைச் சோம்பேறி ஆக்கும் என்று நம்பும் வெளிநாட்டுத் தமிழர்கள் எல்லோரும், தாங்கள் சிறுவயதில் வாங்கிய இலவசங்களை வட்டியோடு திருப்பிக் கட்டிவிடலாம். கணக்கு சுலபம். அரசுப் பள்ளியில் 10 வருடம், வருடத்துக்கு 200 நாள், ஆக 2,000 சத்துணவு. சாப்பாடு ஒன்றுக்கு 20 ரூபாய் என்று குறைத்தே வைப்போம். மொத்தம் 40,000 ரூபாய். 20 வருடத்துக்கு 8 சதவீதக் கூட்டு வட்டி போட்டால் சுமார் 1,86,000 ரூபாய். முட்டைக்குத் தனி இன்வாய்ஸ். பஸ் பாஸ், பாடப்புத்தகம், சைக்கிள் எல்லாம் தேய்மானம் கழித்து வசூலிக்கப்படும். கவுன்சிலிங்கில் அரசுக் கல்லூரி சீட் கிடைத்தவர்கள், கட்டிய ஃபீஸுக்கும் உண்மையான செலவுக்கும் உள்ள வித்தியாசத்தை டாலரிலேயே கட்டலாம், சம்பளமும் டாலரில்தானே வருகிறது. முதல் பட்டதாரிச் சலுகை வாங்கியவர்களுக்குத் தவணை வசதி உண்டு.

இதன் நன்மைகள் மூன்று. ஒன்று, மாநிலத்தின் கடன் குறையும். இரண்டு, குரூப் அமைதியாக இருக்கும். மூன்று, இவ்வளவு இலவசம் வாங்கியும் நாம் எப்படிச் சோம்பேறி ஆகாமல் தப்பித்தோம் என்று ஆராய்ச்சி செய்ய நிதி கிடைக்கும்.

இதில் எனக்குச் சுயலாபம் எதுவும் இல்லை என்று உறுதி கூறுகிறேன். எனக்கும் ஒரு பில் வரும்.

கணக்கு இன்னும் முடியவில்லை

சிரித்தது போதும், சிரிக்க முடியாத இடத்துக்கு வருவோம். தாது வருஷப் பஞ்சம் துரத்திய ஜனங்கள் எங்கே போனார்கள்? இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு, மொரீஷியஸுக்கு, நேட்டாலுக்கு, மலாயாவுக்கு. புலம்பெயர் தமிழர் என்று இன்று நாம் சொல்லும்போது நம் மனதில் வருவது விமானமும் விசாவும். நமக்கு முன்னால் பசியால் புலம்பெயர்ந்தவர்கள் அவர்கள்.

காப்பிக்குப் பிறகு தேயிலை வந்தது. மலையகத் தமிழர்களின் குடியுரிமையை 1948-இல் ஒரு சட்டம் பறித்தது, அதைத் திரும்ப வாங்கப் பல பத்தாண்டுகள் ஆயின. நாள் கூலி 1,000 ரூபாய் வேண்டும் என்று அவர்கள் வருடக்கணக்கில் கேட்டார்கள். 2021-இல் ஒருவழியாக அந்த 1,000 அரசிதழில் வந்தது. அடுத்த வருடமே இலங்கை ரூபாயின் மதிப்பு விழுந்தது. 2021 தொடக்கத்தில் ஏறக்குறைய 5 டாலராக இருந்த அந்தக் கூலி, 2022 நடுவில் 3 டாலருக்கும் கீழே போனது. நாம் வாழும் ஊர்களில் ஒரு கோப்பை டீயின் விலையும் கிட்டத்தட்ட அதுதான். அந்த டீயின் கொழுந்தைக் கிள்ளியவருக்கு ஒரு முழு நாளைக்கு அவ்வளவு.

ஒவ்வொரு கூலிப் பேச்சுவார்த்தையிலும் ஒரு குரல் கேட்கும். உற்பத்திச் செலவு தாங்காது, தொழில் நசிந்துவிடும், இவர்களுக்கு லயத்தில் வீடு இருக்கிறதே, இதற்கு மேல் என்ன வேண்டும். மிகவும் நிதானமான குரல். எக்ஸெல் ஷீட் கையில் இருக்கும். 1729-இல் இருந்து நாம் கேட்டுக்கொண்டு வரும் அதே குரல். எனக்குத் தெரிந்தவரை இதைக் கேலி செய்ய கோபத்தைக் காட்டிலும் கூர்மையான ஆயுதம் ஒன்று உண்டு. அந்த ஷீட்டில் கடைசி வரிசை ஒன்றைச் சேர்த்துக் காட்டுவது. 'இதே கூலியில் நிர்வாகி ஒரு மாதம் வாழ்ந்தால் கம்பெனிக்கு மிச்சம் எவ்வளவு?'

நையாண்டி சோறு போடாது. ஸ்விஃப்ட் எழுதியதால் அயர்லாந்தின் பசி தீரவில்லை, நூறு வருடம் கழித்து இன்னும் பெரிய பஞ்சமே வந்தது. அவருக்கும் அது தெரிந்துதான் இருந்திருக்கும். அதனால் பேனாவோடு நிற்கவில்லை. டப்ளினில் சிறு தொழில் செய்யும் ஏழைகளுக்குத் தன் காசில் வட்டி இல்லாமல் கைமாற்று கொடுத்துக்கொண்டு இருந்தார். சாகும்போது சொத்தின் பெரும் பகுதியை மனநல மருத்துவமனை கட்ட எழுதி வைத்தார். செயின்ட் பேட்ரிக் என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது. அந்த மனுஷன் சிரித்த சிரிப்புக்குப் பின்னால் காசும் இருந்தது, அக்கறையும் இருந்தது.

ஆகவே அடுத்த முறை குரூப்பில் ஒரு ஜோக் வரும்போது, ஃபார்வர்டு பட்டனைத் தொடுவதற்கு முன்னால் ஒரே ஒரு சோதனை. இந்த ஜோக்கை நம் வீட்டில் வேலை செய்த அக்காவும், ஊரில் ரேஷன் கடை வரிசையில் நிற்கும் சித்தப்பாவும் படித்தால் அவர்களும் சிரிப்பார்களா? சிரிப்பார்கள் என்றால் அனுப்புங்கள், எனக்கும் ஒன்று அனுப்புங்கள். அவர்கள் தலை குனிவார்கள் என்றால் டெலீட் பண்ணிவிட்டு, அந்த நேரத்தில் 'பொன்னகரம்' கதையைத் தேடிப் படியுங்கள். பத்து நிமிஷம்கூட ஆகாது.